பழைய வி8 இன்ஜினில் டேப்பட் சத்தம்: ஹைட்ராலிக் லிஃப்டரை செட் செய்வது எப்படி?

பானட்டைத் திறந்து வைத்துக் கேட்டால் இன்ஜினின் மேல்பக்கத்திலிருந்து ‘டிக் டிக் டிக்’ என்று விடாமல் ஒரு சத்தம். ஆக்சிலரேட்டரைத் தட்டினால் அதுவும் கூடவே வேகமெடுக்கும். பழைய வி8 கார் வாங்கியவர்களுக்கு இது சீக்கிரமே பழகிப்போகிற சத்தம். எட்டிப் பார்க்கிறவர்களெல்லாம் ‘டேப்பட் அடிக்குது, கவரைக் கழற்றி நட்டை ஒரு பிடி இறுக்கிவிடு’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அப்படி இறுக்கியதாலேயே ஸ்டார்ட் ஆகாமல் நின்றுபோன நல்ல இன்ஜின்கள் உண்டு. வேலை கடினமானது இல்லை. ஆனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் இரண்டு விஷயம் உறுதியாகத் தெரிய வேண்டும். சத்தம் போடுவது லிஃப்டர்தானா (டேப்பட் என்பதும் இதைத்தான்)? நட்டில் கை வைக்கும்போது அந்த வால்வு முழுதாக மூடியிருக்கிறதா?

உங்கள் இன்ஜினில் செட்டிங் இருக்கிறதா?

இங்கே சொல்லும் முறை, ஒவ்வொரு ராக்கர் ஆர்முக்கும் (வால்வை அமுக்கித் திறக்கும் நெம்புகோல்) தனி ஸ்டட்டும் (அதைத் தாங்கும் மரைக்கம்பி) தனி நட்டும் உள்ள இன்ஜின்களுக்கானது. 1955 மாடலில் அறிமுகமான செவ்ரோலே ஸ்மால் பிளாக் வி8 இதற்கு நல்ல உதாரணம். உதாரணங்களையும் அதிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன்.

எல்லாப் பழைய வி8-களும் இப்படி இல்லை. 1967 முதல் வந்த கிரைஸ்லர் 318-இல் ராக்கர்கள் ஒரே தண்டில் வரிசையாகக் கோத்திருக்கும், திருப்ப நட்டே கிடையாது. பான்டியாக் வி8-இல் நட்டு உண்டு, ஆனால் அதைக் குறிப்பிட்ட டார்க்கில் கடைசிவரை முடுக்கிவிட வேண்டியதுதான். நிற்கும் இடத்தை ஸ்டட்டின் வடிவமே தீர்மானித்துவிடும். ரோவர் வி8-இல் ராக்கர் தண்டைத் தாங்கும் பீடங்களுக்கு அடியில் தகடு வைத்து அளவை மாற்றுவார்கள். இந்த மாதிரி இன்ஜின்களில் சத்தம் வந்தால் தேய்மானத்தையோ ஆயிலையோதான் தேட வேண்டும்.

இன்னொரு வகையும் இருக்கிறது. 1967–69 கமாரோ இசட்/28-இன் 302 இன்ஜினில் சாலிட் லிஃப்டர்கள், அதாவது உள்ளே ஆயிலால் தானாகச் சரிசெய்துகொள்ளாத கெட்டி லிஃப்டர்கள். அவற்றில் வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவே ஃபீலர் கேஜ் வைத்து அளக்கும் இடைவெளி இருந்தே ஆக வேண்டும். அந்த இன்ஜின் லேசாக டிக்கடிப்பது இயல்பு. ஹைட்ராலிக் என்று நினைத்து அதை இறுக்கினால் வால்வு கருகும். பழைய இன்ஜின்களில் முன்பு யாரோ கேமை (வால்வுகளைத் திறக்கும் மேடுகள் உள்ள தண்டு) மாற்றியிருக்கவும் கூடும். அதனால் காருடன் வந்த புத்தகத்தை மட்டும் நம்பாமல், முடிந்தால் இன்ஜினைக் கடைசியாகப் பிரித்தவரிடம் கேட்டுவிடுங்கள்.

லிஃப்டருக்குள் நடப்பது

லிஃப்டர் என்பது கேம் ஷாஃப்டின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறிய உலோகக் குப்பி. அதற்குள் மேலும் கீழும் நகரும் ஒரு பிளஞ்சர், பிளஞ்சருக்கு அடியில் மெல்லிய ஸ்பிரிங், ஆயிலை உள்ளே மட்டும் விட்டு வெளியே விடாத ஒரு சின்ன செக் வால்வு. லிஃப்டரின் அசைவை மேலே ராக்கருக்குக் கொண்டுபோகும் கம்பியான புஷ் ராடு இந்த பிளஞ்சரின் தலையில் நிற்கிறது.

கேமின் வட்டப் பகுதி லிஃப்டருக்கு அடியில் இருக்கும்போது வால்வு மூடியிருக்கும், சுமை இருக்காது. ஸ்பிரிங் பிளஞ்சரை மேலே தள்ளி எல்லா இடைவெளியையும் எடுத்துவிடும். கீழே உண்டான இடத்தில் ஆயில் வந்து நிரம்பும். கேமின் மேடு வந்து லிஃப்டரைத் தூக்கியதும் செக் வால்வு அடைத்துக்கொள்ளும். உள்ளே மாட்டிய ஆயில் அமுங்காது. முனையை விரலால் அடைத்த ஊசிக்குழலை அழுத்திப் பார்த்தால் இது புரியும். குழலில் காற்றுக் குமிழி இருந்தால் அதே பிஸ்டன் மெத்தென்று உள்ளே போகும். ஆயிலோடு காற்று கலந்த லிஃப்டரும் அப்படித்தான் அமுங்கிப்போய்ச் சத்தம் போடுகிறது.

நாம் செய்யும் செட்டிங் இந்த பிளஞ்சர் எந்த உயரத்தில் நின்று வேலை செய்ய வேண்டும் என்பதைத்தான். உச்சியில் லாக் வளையத்தை முட்டிக்கொண்டு நின்றால் இன்னும் தேய்மானம் வந்தால் எடுத்துக்கொள்ள அதற்கு வழி இல்லை, அடிக்கும். அடிமட்டத்தில் முட்டினால் வால்வு முழுதாக மூடாது. நடுவில் எங்காவது, மேல்பக்கத்துக்குச் சற்று அருகில் நிற்க வேண்டும். இதற்குத்தான் பிரீலோடு என்று பெயர்.

முதலில் காது, பிறகு கை

டேப்பட் சத்தம் மெல்லியது, கூர்மையானது. கேம் கிராங்க்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால், ஒரு லிஃப்டர் மட்டும் அடித்தால் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும்போது ஒரு ‘டிக்’ கேட்கும். ஐடிலில் இதை எண்ணிவிடலாம் போல இருக்கும். கீழிருந்து கனமாக, சுமை ஏறும்போது கூடுகிற ‘டொக் டொக்’ என்றால் அது கனெக்டிங் ராடு பேரிங். வண்டியை அதற்கு மேல் ஓட்டாதீர்கள்.

அதிகம் ஏமாற்றுவது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கசிவு. அச்சு அசலாக டேப்பட் மாதிரியே கேட்கும். குளிர்ந்த இன்ஜினில் சத்தமாக இருந்து, மேனிஃபோல்டு சூடாகி விரிந்ததும் குறைந்துவிட்டால் சந்தேகத்தை அங்கே திருப்புங்கள். கேஸ்கட் ஓரத்தில் கரி படிந்த கோடு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். மெக்கானிக்கல் ஃப்யூயல் பம்பின் லீவர் தேய்ந்தாலும் டிக்கடிக்கும். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் பம்பிலும், வால்வு கவரின் பல இடங்களிலும் மாறி மாறி வைத்து, பிடியைக் காதோரம் வைத்துக் கேளுங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் தலையும் தளர்ந்த துணியும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஆயில். டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்க்காமல் வால்வு கவரைக் கழற்றுகிறவர்கள் நிறைய. ஆயில் குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து இழுக்கும். அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலும் இதே கதைதான்: கிராங்க் ஆயிலில் அடித்து நுரைக்க வைக்கும், நுரை லிஃப்டருக்குப் போகும். பழுத்துக் கறுத்த ஆயிலாக இருந்தால் முதலில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, சில நூறு கிலோமீட்டர் நன்றாகச் சூடேற ஓட்டிப் பாருங்கள். காய்ந்த ஆயில் வார்னிஷ் போலப் படிந்து சிக்கிய பிளஞ்சர் பல சமயம் இதிலேயே விடுபட்டுவிடும். மண்ணெண்ணெயையோ கியர் ஆயிலையோ கலந்து ‘கழுவுகிற’ வைத்தியம் எனக்குப் பிடிக்காது. மெலிந்த ஆயிலில் பேரிங் பாடு திண்டாட்டம். கெட்டியான ஆயில் சத்தத்தை மறைக்குமே தவிர நோயைத் தீர்க்காது.

ஆயில் பிரஷரையும் நல்ல கேஜ் வைத்துப் பார்த்துவிடுங்கள். சூடான ஸ்மால் பிளாக்கில் 1,000 ஆர்.பி.எம்-க்குச் சுமார் 10 பி.எஸ்.ஐ. என்பது பழைய கணக்கு. பிரஷரே இல்லாத இன்ஜினில் லிஃப்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் சில நொடி மட்டும் டிக்கடித்து அடங்கினால் விட்டுவிடுங்கள். நிறுத்தும்போது திறந்திருந்த வால்வுகளின் ஸ்பிரிங் அழுத்தத்தில் அந்த லிஃப்டர்களின் ஆயில் கசிந்திருக்கும். ஆயில் ஏறியதும் சரியாகிவிடும்.

கவரைத் திறப்பது

இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றுங்கள். கம்ப்ரெஷன் இல்லாவிட்டால் கிராங்க்கைக் கையால் நிதானமாகச் சுற்றலாம். பிளக் வயர்களில் சிலிண்டர் எண்ணை எழுதி ஒட்டிவிடுவது பின்னால் தலைவலியைக் குறைக்கும். வால்வு கவரைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்த பிறகே போல்ட்டுகளைத் தொடுங்கள். கவர் ஒட்டிக்கொண்டிருந்தால் ஓரத்தை நெம்பாமல் கையால் பக்கவாட்டில் தட்டுங்கள்.

கருவிகள் அதிகம் தேவையில்லை. ஸ்மால் பிளாக்கின் வழக்கமான ராக்கர் நட்டுக்கு 5/8 இன்ச் டீப் சாக்கெட், ஒரு ராட்செட், கிராங்க்கைச் சுற்ற ஒரு சாக்கெட், சாக்பீஸ் ஒன்று. ஆரம்பகால ஸ்மால் பிளாக்குகள் பலவற்றில் கிராங்க் முனையில் போல்ட்டே இருக்காது. அவற்றில் கிளட்ச் பக்கத்து அடிமூடியைக் கழற்றி ஃபிளைவீல் பற்களை நெம்பிச் சுற்ற வேண்டும். எப்படிச் சுற்றினாலும் இன்ஜின் ஓடும் திசையிலேயே சுற்றுங்கள். செவ்ரோலேயில் முன்னால் நின்று பார்த்தால் அது கடிகாரத் திசை.

கவர் திறந்தவுடன் எந்தக் கருவியும் இல்லாமல் ஒரு தடவை கண்ணை ஓட்டுங்கள். எல்லா ஸ்டட்டுகளின் தலையிலும் ஒரு நேர்ப்பட்டையை வைத்துப் பாருங்கள். செவ்ரோலேயின் பல ஹெட்டுகளில் ஸ்டட்டுகள் மரை இல்லாமல் அழுத்திச் செருகப்பட்டவை. கனமான வால்வு ஸ்பிரிங் போட்டால் மெல்ல மெல்ல மேலே பிடுங்கிக்கொண்டு வரும். ஒன்று மட்டும் பட்டையைத் தூக்கினால் சத்தத்தின் காரணம் கிடைத்துவிட்டது. அதை மறுபடி அடித்து இறக்கிப் பயனில்லை, ஹெட் வேலைக்குப் போக வேண்டும்.

எந்த வால்வு, எப்போது

எது இன்டேக், எது எக்ஸாஸ்ட் என்று குழம்பினால் மேனிஃபோல்டைப் பாருங்கள்: எக்ஸாஸ்ட் குழாய்க்கு நேராக இருப்பது எக்ஸாஸ்ட் வால்வு. ஸ்மால் பிளாக்கில் ஒவ்வொரு ஹெட்டிலும் வரிசை எக்ஸாஸ்ட், இன்டேக், இன்டேக், எக்ஸாஸ்ட் என்று தொடங்கி அப்படியே இன்னொரு முறை வரும். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்க்கையில் இடதுபக்கம் ஒற்றைப்படை சிலிண்டர்கள், வலதுபக்கம் இரட்டைப்படை. முன்னால் இருப்பவை 1, 2.

புதிதாகச் செய்கிறவருக்கு நான் சொல்வது, சிலிண்டர் சிலிண்டராகப் போகும் முறை. ஒரு சிலிண்டரைத் தேர்ந்தெடுத்து அதன் இரண்டு ராக்கர்களையும் பார்த்துக்கொண்டே கிராங்க்கைச் சுற்றுங்கள். எக்ஸாஸ்ட் ராக்கர் வால்வை அமுக்கத் தொடங்கியதும் நிறுத்துங்கள். அந்த நேரத்தில் அதே சிலிண்டரின் இன்டேக் லிஃப்டர் கேமின் வட்டப் பகுதியில் இருக்கும். இன்டேக்கை செட் செய்யுங்கள். தொடர்ந்து சுற்றுங்கள். இன்டேக் முழுதாகத் திறந்து, மேலே திரும்பி, கிட்டத்தட்ட மூடி முடிக்கும் இடத்தில் நிறுத்தி எக்ஸாஸ்ட்டை செட் செய்யுங்கள். முடிந்த ராக்கரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த சிலிண்டருக்குப் போங்கள். டைமிங் குறி, ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் பற்றும் வரிசை) எதுவும் இதற்கு வேண்டாம். பெரிய கேம் போட்ட இன்ஜினிலும் தவறாது.

கையாலேயே சுற்றுவதால் நேரம் பிடிக்கும். சீக்கிரம் முடிக்க இரண்டே நிலையில் செய்யும் கம்பெனி முறையும் உண்டு. 1-ஆம் சிலிண்டர் ஃபயரிங் நிலையில், டைமிங் குறி பூஜ்யத்தில் நிற்கும்போது எக்ஸாஸ்ட் 1, 3, 4, 8. இன்டேக் 1, 2, 5, 7. கிராங்க்கை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி 6-ஆம் சிலிண்டரின் ஃபயரிங் நிலைக்கு வந்ததும் எக்ஸாஸ்ட் 2, 5, 6, 7. இன்டேக் 3, 4, 6, 8. இது 1-8-4-3-6-5-7-2 ஃபயரிங் ஆர்டருக்கு மட்டுமே. பூஜ்யத்தை நெருங்கும்போது 1-ஆம் சிலிண்டரின் ராக்கர்கள் அசைந்தால் நீங்கள் நிற்பது 6-இன் நிலையில். இன்னொரு சுற்றுச் சுற்றுங்கள்.

பூஜ்யத்தை விரலால் கண்டுபிடிப்பது

வேலையின் உயிர்நாடி இதுதான், அவசரப்பட வேண்டாம். முதலில் நட்டைத் தளர்த்துங்கள், புஷ் ராடு தளதளவென்று மேலும் கீழும் ஆட வேண்டும். பிறகு ஒரு கையால் ராட்செட்டை மெதுவாகத் திருப்பிக்கொண்டே, மற்றொரு கையின் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே புஷ் ராடைப் பிடித்து மேலே தூக்கித் தூக்கிப் பாருங்கள். ராக்கரின் குழியில் அது முட்டும் சின்ன ‘கிளிக்’ விரலில் தெரியும். அந்தக் கிளிக் குறைந்துகொண்டே வந்து ஒரு கட்டத்தில் நின்றுவிடும். நின்ற இடம்தான் பூஜ்யம், அதாவது இடைவெளி முழுதாகத் தீர்ந்த இடம். சாக்கெட்டில் சாக்பீஸால் குறி வையுங்கள்.

தூக்குவது மட்டும்தான், கீழே அழுத்தக் கூடாது. நாள்பட நின்ற இன்ஜினில் லிஃப்டர் காலியாக இருந்தால் உள்ளே பிளஞ்சரைத் தாங்குவது அந்த மெல்லிய ஸ்பிரிங் மட்டுமே. அழுத்தினால் அது அமுங்கும், இல்லாத இடைவெளி இருப்பதுபோலத் தோன்றும், நீங்களும் இறுக்கிக்கொண்டே போவீர்கள்.

புஷ் ராடை விரலால் உருட்டிக்கொண்டே இறுக்கி, உருள்வது கடினமானதும் நிறுத்தச் சொல்லும் முறை பரவலாக இருக்கிறது. பழகிய கைக்குச் சரி. புதியவருக்கு ஆபத்து இங்கேதான்: ஆயில் படிந்த புஷ் ராடு, பிளஞ்சர் அமுங்கத் தொடங்கிய பிறகும் வழுக்கிக்கொண்டு உருளும். ‘இன்னும் கொஞ்சம்’ என்று தோன்றுவதற்குள் முக்கால் சுற்று தாண்டிவிடும். தூக்கிப் பார்த்துப் பூஜ்யத்தைக் கண்டுபிடித்த பிறகு சரிபார்க்க வேண்டுமானால் உருட்டிப் பாருங்கள்.

எவ்வளவு இறுக்க வேண்டும்?

பழைய செவ்ரோலே கையேடுகள் பூஜ்யத்திலிருந்து ஒரு முழுச் சுற்று என்றன. இப்போது பலரும் அரைச் சுற்றோடு நிறுத்துகிறார்கள். என் கட்சியும் அரைச் சுற்றுதான். காரணம் கணக்கில் இருக்கிறது. 3/8 இன்ச் ஸ்டட்டில் இன்ச்சுக்கு 24 மரை. ஒரு சுற்றுக்கு நட்டு 1.06 மி.மீ. இறங்கும். ஆனால் நட்டு இறங்குவது ராக்கரின் நடுவில். வால்வுப் பக்கம் அசையாமல் நிற்க, 1.5 விகித ராக்கரில் புஷ் ராடுப் பக்கம் அதைவிடக் கூடுதலாக இறங்குகிறது: ஒரு சுற்றுக்குச் சுமார் 1.8 மி.மீ., அரைச் சுற்றுக்குச் சுமார் 0.9. தேய்மானத்தையும் சூட்டில் வரும் மாற்றத்தையும் எடுத்துக்கொள்ள அதுவே தாராளம். புதிய லிஃப்டர் போட்டிருந்தால் அதைச் செய்த கம்பெனி சொல்லும் அளவுதான் முதல் விதி.

அண்மையில் ஓடிய இன்ஜினில் லிஃப்டர் ஆயிலோடு கெட்டியாக இருக்கும். அப்போது நட்டை இறுக்கினால் பிளஞ்சர் இறங்காது, வால்வு லேசாகத் திறக்கும். கால் சுற்று இறுக்கி ஒரு நிமிடம் பொறுங்கள், ஆயில் கசிந்து வால்வு மூடட்டும். பிறகு அடுத்த கால்.

நட்டு திரும்பும்போது கையில் ஒரு பிடிமானம் தெரிய வேண்டும். மரையை இறுக்கிப் பிடிக்கும்படி செய்யப்பட்ட நட்டு அது. விரலாலேயே சுற்ற முடிகிற நட்டு ஓட்டத்தில் தானாகக் கழன்று, செட் செய்த டேப்பட்டை மறுபடி அடிக்க வைக்கும். புது நட்டு போடுங்கள்.

இன்ஜினை ஓட்டிக்கொண்டே செய்யும் முறை

சூடான இன்ஜினை ஐடிலில் விட்டு, ஒரு நட்டைச் சத்தம் வரும்வரை தளர்த்தி, சத்தம் நிற்கும்வரை இறுக்கினால் அது பூஜ்யம். அங்கிருந்து கால் கால் சுற்றாக, ஒவ்வொன்றுக்கும் நடுவே பத்து நொடி விட்டு, இன்ஜின் சீரானதும் அடுத்த காலுக்குப் போக வேண்டும். காது நேராகச் சொல்லிவிடுவதால் துல்லியமான முறைதான். ஆனால் ராக்கரின் ஓட்டையிலிருந்து ஆயில் பீய்ச்சும். சூடான மேனிஃபோல்டில் விழுந்தால் புகையும், தீப்பிடிக்கவும் கூடும். ராக்கர் ஓட்டைகளை மூடும் கிளிப்புகளைப் போட்டு, தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்து, கதவெல்லாம் திறந்த இடத்தில் மட்டும் செய்யுங்கள். எட்டு சிலிண்டரையும் இப்படிச் செய்ய நான் சொல்லமாட்டேன். குளிரில் செட் செய்த பிறகும் அடம்பிடிக்கிற ஒரே ஒரு ராக்கரைப் பிடிக்க இது நல்ல வழி.

மூடி, ஸ்டார்ட் செய்து

கவரின் கேஸ்கட் முகங்களைத் துடைத்து மூடுங்கள். கார்க் கேஸ்கட்டில் போல்ட்டை முறுக்கினால் தகடுதான் வளையும், கசிவு நிற்காது. கையால் இறுக்கி அதற்கு மேல் கொஞ்சம் போதும். பிளக்குகளைப் போடும் முன், இக்னிஷன் பொறி வராதபடி செய்துவிட்டு, ஆயில் பிரஷர் தெரியும்வரை ஸ்டார்ட்டரைச் சிறிது சிறிதாகச் சுற்றுங்கள். பிறகு பிளக்கைப் போட்டு ஸ்டார்ட் செய்யலாம்.

முதல் சில நிமிடம் கொஞ்சம் சத்தம் இருந்தால் கவலைப்பட வேண்டாம், காற்று வெளியேற வேண்டும். ஆனால் இன்ஜின் ஒரு சிலிண்டரில் தடுமாறினால், கார்புரேட்டரில் தும்மினால், நீண்ட நேரம் சுற்றியும் பிடிக்காமல் போனால், எங்கோ அதிகம் இறுக்கிவிட்டீர்கள். அப்படியே ஓட்டிச் சரியாக்கப் பார்க்காதீர்கள். மூடாத எக்ஸாஸ்ட் வால்வு சீக்கிரம் கருகும். கம்ப்ரெஷன் கேஜ் போட்டால் எந்த சிலிண்டர் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

ஒன்று மட்டும் இன்னும் அடித்தால், அதன் புஷ் ராடை உருவித் தட்டையான கண்ணாடியில் உருட்டிப் பாருங்கள். வளைந்திருந்தால் துள்ளும். முனை தேய்ந்திருக்கிறதா, நடுத்துளை அடைத்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அதுவும் சரி என்றால் புஷ் ராடு முனையில் டயல் கேஜ் வைத்துக் கிராங்க்கைச் சுற்றி, பக்கத்து சிலிண்டரின் அதே வகை வால்வோடு ஏற்றத்தை ஒப்பிடுங்கள். ஒன்று தெளிவாகக் குறைந்தால் கேமின் மேடு தேய்ந்துவிட்டது. எந்த செட்டிங்கும் அதைத் திருப்பித் தராது.

அப்படியானால் கேமும் லிஃப்டர்களும் சேர்ந்தே புதிதாக வர வேண்டும். தட்டை அடி லிஃப்டர் ஒவ்வொன்றும் தன் கேம் மேட்டோடு சேர்ந்து தேய்ந்து பழகியது. பழையதைப் புது கேமில் போட்டால் கேம் போய்விடும். தேய்மானம் வேறெங்கோ இருந்து நல்ல லிஃப்டர்களை வெளியே எடுக்க நேர்ந்தாலும், அட்டையில் 16 துளை போட்டு எண்ணிட்டு, எது எங்கிருந்து வந்ததோ அங்கேயே திருப்பிப் போடுங்கள். புது கேம் போட்டவர் முதல் ஸ்டார்ட்டுக்கு முன் குளிர் முறையில் செட்டிங்கைக் கச்சிதமாக முடித்து வைத்திருக்க வேண்டும். ஏனென்றால் ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் 2,000 ஆர்.பி.எம்-க்கு மேல் சுமார் 20 நிமிடம் ஓட்டியாக வேண்டும். நடுவில் நிறுத்தி நட்டைத் திருப்ப அப்போது நேரம் கிடைக்காது. ஊற்றும் ஆயிலும் துத்தநாகம், பாஸ்பரஸ் கூடுதலாக உள்ள, தட்டை லிஃப்டருக்கென்று சொல்லி விற்கப்படும் வகையாக இருக்கட்டும்.